நண்பரின் ஜனாஸாவும் நம் கடனும்



மௌத்தைப் பற்றி எத்தனையோ பயான்கள் கேட்டிருக்கிறோம். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். ஆனால், நம் தோளில் கை போட்டுப் பேசிய ஒருவரை அது கொண்டு போகும்போதுதான், கேட்டதில் எதுவுமே நெஞ்சில் இறங்கவில்லை என்பது விளங்குகிறது.

ஆண்டிமடத்தில் நமக்கொரு நண்பர் இருந்தார். முந்திரி வியாபாரம் செய்தவர். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தோம். "மஃரிபுக்குப் பார்ப்போம்" என்று ஸலாம் சொல்லிப் போனார். மஃரிபுக்கு முன்பே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் பெயர் கேட்டது. நெஞ்சுவலி என்று ஜெயங்கொண்டத்திற்குக் காரில் கொண்டு போனார்களாம். பாதி வழியிலேயே ரூஹு பிரிந்துவிட்டது. 'இன்னாலில்லாஹி' என்று நாவு சொன்னது. மனம் நம்ப மறுத்தது.

மறுநாள் ஜனாஸா தொழுகைக்கு ஸஃப்பு நின்றது. மூத்த மகன் முன்னே வந்து, "எங்கள் அத்தா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு" என்றார். யாரும் பேசவில்லை. அத்தாவுக்கு யார் தர வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாம்தான் கை தூக்கியிருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்காக அவரிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கைமாற்றாக வாங்கியிருந்தோம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. நமக்கும் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்த கடன். 'பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று நஃப்ஸு சொன்னது. நாமும் நான்கு தக்பீரையும் முடித்து, கபுருக்கு மூன்று பிடி மண்ணும் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மூன்று தீனார் உண்டு, அதை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும், நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள். மூன்று தீனாருக்கே இந்த நிலை! குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று பாருங்கள். சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிச் சாட்சி வையுங்கள் என்று கட்டளையிடுகிறது. நாமோ 'நண்பருக்குள் என்ன எழுத்து?' என்று இருந்துவிட்டோம்.

இன்னொன்றும் உறைத்தது. கொடுத்தவர் போனதும் அந்தப் பணம் வாரிசுகளின் உரிமையாகிவிட்டது. அவர்களில் வயது வராத ஒரு பெண் பிள்ளையும் உண்டு. யதீமின் பொருளை அநியாயமாக உண்பவன் தன் வயிற்றில் நெருப்பையே நிரப்பிக்கொள்கிறான் என்பது இறை எச்சரிக்கை அல்லவா?

விடிந்ததும் போய்ச் சொன்னோம். "அத்தா நோட்டில் இது இல்லையே மாமா" என்றார் மகன். "அல்லாஹ்விடம் இருக்கும் நோட்டில் இருக்கிறது, தம்பி" என்றோம். பாதியைக் கையில் கொடுத்து, மீதிக்குத் தவணை குறித்து, இருவர் சாட்சியுடன் எழுதிக் கொடுத்தோம். அப்போதுதான் நண்பருக்காக அழ முடிந்தது.

அழுவது தவறன்று. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) மௌத்தானபோது, நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வழிய அவரை முத்தமிட்டார்கள். அவருடைய கபுரின் தலைமாட்டில் அடையாளமாக ஒரு கல்லையும் தம் கையால் வைத்தார்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மறைந்து பல காலம் கழித்தும், ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்கு இறைச்சி அனுப்பினார்கள். நட்பு கபுருக்குழியோடு முடிவதில்லை. நண்பரின் குடும்பத்தைப் பார்ப்பதும், அவருக்காக துஆச் செய்வதும், அவர் ஹக்கை ஒப்படைப்பதும் நம் மேல் கடமை.

ஹயாத்து எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், நம் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். முதல் நாள் இரவு வண்டியேறியவர்கள் எல்லோரும் காலையில் ஊரில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிக்கொண்டுதானே கண் அயர்ந்திருப்பார்கள்?

ஆகவே சகோதரர்களே! வஸிய்யத் செய்ய ஏதேனும் வைத்திருக்கும் முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கக் கூடாது என்பது நபிமொழியின் கருத்து. இன்று இஷாவுக்குப் பின் ஒரு தாளை எடுங்கள். தர வேண்டியது, வர வேண்டியது, நம்மிடம் இருக்கும் அமானிதம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காட்டி வையுங்கள். யாருடனாவது பேச்சில்லாமல் இருந்தால் நாளைக்கென்று தள்ளாமல் ஸலாம் சொல்லுங்கள். மஃரிபுக்குப் பார்ப்போம் என்று சொன்னவர் மஃரிபைப் பார்க்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் நண்பரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கபுரை விசாலமாக்குவாயாக! பிறர் ஹக்கு எங்கள் கழுத்தில் கிடக்கும் நிலையில் எங்களை மௌத்தாக்கிவிடாதே! ஆமீன்.