புறப்படும் வேளை

காசிக்கோ பத்ரிநாத்துக்கோ போக உத்தேசித்தவன் பத்து நாட்களுக்கு முன்பே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது எதை விடுப்பது என்று வீட்டாருடன் ஆலோசனை செய்கிறான். ரயில் நேரத்தை ஒன்றுக்கு இரண்டு தரம் விசாரிக்கிறான். முதல் நாள் இரவே வாசலுக்கு வண்டி சொல்லிவிட்டு, விடியும் முன்னே குளித்து நெற்றிக்கிட்டு நிற்கிறான். அதே மனிதன் திண்டிவனத்திலிருந்து சென்னையில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்குத் தன் காரில் போகவேண்டியிருந்தால், "இதோ இருக்கிற மெட்ராஸ்தானே, இரண்டரை மணி நேரம்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, இரண்டாம் காபியைக் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு பத்திரிகையின் கடைசிப் பக்கம் வரையில் வாசித்துக்கொண்டிருப்பான். தாலி கட்டி முடிந்த பிறகு மண்டபத்து வாசலில் வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்குகிறவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். டில்லியிலிருந்து வரவேண்டிய சித்தப்பா முதல் நாளே வந்து, மாப்பிள்ளை அழைப்பையும் பார்த்துவிட்டு, முகூர்த்தத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பிந்தி வந்தவர் பெரும்பாலும் செங்கற்பட்டுக்காரராகவோ எங்கள் ஊர்க்காரராகவோதான் இருப்பார். தூரத்துக்குக் காட்டுகிற மரியாதையில் பாதியைக்கூட நாம் சமீபத்துக்குக் காட்டுவதில்லை.

நான் வசிக்கும் திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தூரம். இடையிலுள்ள சாலை நெடுங்காலம் 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்ற பெயருடன் இருந்து, எண்களெல்லாம் மாற்றப்பட்டபோது 32 என்ற புதிய எண்ணைப் பெற்றது. ஆனால் தாம்பரத்துப் பக்கத்து மனிதர்களுக்கு, அதே மூன்று எழுத்துக்களில் ஒரு வரி வந்து சேர்ந்த பிறகும், அது வெள்ளைக்காரர் காலத்து ஜி.எஸ்.டி. ரோடாகவேதான் இருக்கிறது. நூற்றிருபதை எண்பதால் வகுத்து ஒன்றரை மணி என்றும், வழியில் டிபனுக்கும் சுங்கச்சாவடிக்கும் சேர்த்து இன்னும் ஒரு மணி என்றும் கூட்டிக்கொள்வதுதான் எங்கள் ஊரில் எல்லாரும் போடுகிற கணக்கு. கணக்கில் பிழையில்லை; சாலை முழுவதும் ஒரே தன்மையுடையதாக இருந்தால் விடையும் சரியாகவே வந்திருக்கும்.

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர், அச்சிறுபாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், படாளம் என்று செங்கற்பட்டு வரையில் போகிற ஏறத்தாழ 65 கிலோமீட்டரும் வயலும் ஏரியும் பனைமரமுமாக விரிந்து கிடக்கும் பிரதேசம். அங்கே தூரத்தை வேகத்தால் வகுக்கலாம், காலம் சொன்னபடி கேட்கும். மாமண்டூரைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறி, வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அந்த நதியைக் கடந்து, செங்கற்பட்டையும் பரனூர்ச் சுங்கச்சாவடியையும் விட்டு வெளியே வந்த பிறகுதான் வேறொரு ராஜ்யம் ஆரம்பமாகிறது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கிண்டி என்று ஊருக்கு ஊர் இடைவெளியே இல்லாமல் நகரம் தெற்கு நோக்கி வளர்ந்துவிட்டது. தென்மாவட்டத்துப் பஸ்களுக்கான நிலையமும் 2023-ஆம் ஆண்டின் கடைசியில் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டது. அந்த ராஜ்யத்தில் கிலோமீட்டர் செல்லாக்காசு. இன்று திங்கட்கிழமைக் காலையா, சுபமுகூர்த்த தினமா, பொங்கல் விடுமுறை முடிந்து ஜனங்கள் நகரத்துக்குத் திரும்பும் இரவா, ஐப்பசி மழை பெய்கிறதா என்ற கேள்விகள்தாம் அங்கே தூரத்தை நிர்ணயிக்கின்றன.

இப்படி இரண்டு விதமான காலங்கள் ஒரே சாலையில் அடுத்தடுத்துக் கிடப்பதனால் விளைகிற விபரீதம் ஒன்று உண்டு. வீட்டில் அரைமணி நேரம் பிந்திவிட்டது. தாம்பரத்தில் நெரிசல் நிச்சயம் என்பது அநுபவத்தில் தெரிந்த சங்கதி. ஆகவே இழந்ததை மீட்க வேண்டுமானால் இடையிலுள்ள திறந்த வெளியில்தான் மீட்கவேண்டும் என்று ஓட்டுகிறவரின் மனம் யாரும் சொல்லித்தராமலே முடிவு செய்துகொள்கிறது. அந்த மீட்பின் அளவைச் சற்றுப் பார்ப்போம். செங்கற்பட்டு வரையிலான அந்த 65 கிலோமீட்டரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 49 நிமிஷம். 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 39. இவ்வளவு பிரயத்தனமும் பத்து நிமிஷத்துக்காக. தாம்பரத்துக்கு முன்னால் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கிற ஓர் இடத்தில் அந்தப் பத்து நிமிஷம் இருந்த சுவடு தெரியாமல் மறைந்துபோகும். இதற்கு ஈடாக நாம் கொடுப்பதோ கொஞ்சமன்று. வேகம் கால்பங்கு கூடினால் வண்டியின் மோதுசக்தியும், பிரேக்கை அழுத்திய பிறகு அது நிற்பதற்கு வேண்டிய தூரமும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகின்றன என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடம். பரீட்சைக்குப் படித்ததைப் பெட்ரோல் பங்கில் மறந்துவிடுகிறோம்.

அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். காரில் இருக்கும் நமக்கு இடுப்பில் பட்டை இருக்கிறது, முன்னால் காற்றுப்பை இருக்கிறது, நான்கு புறமும் இரும்புக் கூடு இருக்கிறது. சாலையின் இரு மருங்கிலும் கிராமங்கள் இருக்கின்றன. அந்தக் கிராமங்களின் வழியாகத்தான், புளியமரங்களின் நிழலில், பழைய சாலை போய்க்கொண்டிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தி, நடுவே தடுப்புச் சுவரும் எழுப்பியபோது, ஒரு கரையில் வீடும் மறு கரையில் வயலுமாக இருந்தவர்களின் அன்றாட வாழ்க்கை இரண்டாகப் பிளந்தது. ஒலக்கூரில் மாட்டை ஓட்டிக்கொண்டு எதிர்ப்புறம் போகவேண்டிய ஒரு பாட்டி, ஒரு பக்கத்துச் சாலையின் ஏழு மீட்டர் அகலத்தைக் கடப்பதற்கு ஏழு விநாடியாவது வேண்டும். தொலைவில் வரும் காரைப் பார்த்து, போகலாமா நிற்கலாமா என்று அவள் தன் கண்ணாலும் அநுபவத்தாலும் தீர்மானிக்கிறாள். அந்த ஏழு விநாடியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 155 மீட்டர் வருகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருவது 195 மீட்டர் வந்துவிடுகிறது. இடையிலுள்ள அந்த நாற்பது மீட்டர் அவள் கணக்கில் இல்லை. நம் வீட்டில் இரண்டாம் காபிக்குச் செலவான நேரம் அந்த நாற்பது மீட்டரில் ஒளிந்துகொண்டு வருகிறது என்பதை அவள் எப்படி அறிவாள்?

எதிர்த்திசையில் ஓரமாக மொபெட்டில் வருகிறவனைக் கண்டால் நமக்குப் பொங்கிக்கொண்டு வருகிறது. "ராங் சைடில் வருகிறான் பார்" என்று வைகிறோம். அவன் செய்வது தப்புத்தான், சந்தேகமில்லை. ஆனால் எதிரே தெரிகிற டீக்கடைக்கு நியாயமான வழியில் போய்ச் சேர அவன் எவ்வளவு தூரம் போய்த் திரும்பிவர வேண்டும் என்று கேட்டால், அந்தத் தப்பில் பாதியைச் சாலையை வகுத்தவர்களின் பேரிலும் எழுதவேண்டியிருக்கும். மேல்மருவத்தூரில் இருமுடி ஏந்தி வரும் செவ்வாடைப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் நடக்கும் மார்கழி, தை மாதங்களில், அந்த ஊரை நெருங்குகையில் எவ்வளவு அவசரக்காரனுடைய காலும் தானாகவே பிரேக்கின்மேல் போய்விடுகிறது. அந்த அடக்கம் ஒலக்கூர்ப் பாட்டிக்கும் கிடைக்கவேண்டுமென்றால், அவளும் சிவப்புப் புடவை உடுத்திக்கொண்டு நூறு பேராகத்தான் வரவேண்டும் போலிருக்கிறது.

ஆகையால் பிரயாணத் திட்டம் என்று நான் கருதுவது, எந்த ஹோட்டலில் நிறுத்துவது, சக்கரத்தில் காற்று எவ்வளவு, ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்பவையெல்லாம் அல்ல. அவை வேண்டியவைதாம், ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியங்கள். வீட்டை விட்டு எப்போது கிளம்புவது என்ற ஒரே தீர்மானத்தில்தான் மற்றவையெல்லாம் அடங்கியிருக்கின்றன. சாலையில் நிதானமாகப் போகிறவர்களைப் பார்த்து, சாத்விக குணம் படைத்தவர்கள் என்று நாம் வியக்கிறோம். அவர்களில் அநேகர் நம்மைப் போன்ற முன்கோபிகளே, அரைமணி முன்னால் கிளம்பிவிட்டார்கள், அவ்வளவுதான். சாவகாசத்தை வழியில் எங்கும் சம்பாதிக்க முடியாது. வீட்டிலிருந்தே கட்டுச்சோறுபோல் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

இந்தச் சாலையில் இருக்கிற அச்சிறுபாக்கம் ஞானசம்பந்தர் பாடிய தலம். திரிபுர சம்ஹாரத்துக்குத் தேரேறிப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை நினையாமல் கிளம்பியதனால் தேரின் அச்சு முறிந்தது இந்த இடத்தில்தான் என்பது தலபுராணம். அருணகிரிநாதரும் திருப்புகழின் விநாயகர் துதியில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். பூமியே தேர்த்தட்டு, சூரிய சந்திரர்கள் சக்கரங்கள், நான்கு வேதங்களும் குதிரைகள், பிரமதேவனே சாரதி. வண்டியில் குறையில்லை, ஓட்டுகிறவனிடத்திலும் குறையில்லை, போகிற காரியமோ தேவர்களின் காரியம். புறப்பாடு மட்டும் சரியாக இல்லை. அச்சிறுபாக்கத்தைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் இந்தக் கதையைக் கட்டியவர் எவராயினும் அடிக்கடி பிரயாணம் செய்தவராகத்தான் இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பழைய காலத்து மனிதர்கள் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரையில் ராகுகாலம் என்று ஏழே காலுக்குள் வாசற்படி தாண்டிவிடுவார்கள். அந்த வேளையில் கிளம்ப முடியாத அசௌகரியம் இருந்தால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து மூட்டையையோ பெட்டியையோ பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்பது அதற்குப் பெயர். கிரகங்களுக்கும் காருக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆயினும், பெட்டி முதல் நாளே கட்டிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கிற குடும்பத்தில், மறுநாள் காலையில் சீப்பைக் காணோம், சாவியைக் காணோம், பரிசுப் பணம் வைக்கிற கவரைக் காணோம் என்ற கலவரம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நம் பெட்டிகள் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கட்டப்படுகின்றன.

இப்போது ராகுகாலத்தின் ஸ்தானத்துக்குக் கைபேசி வந்திருக்கிறது. ஊரின் பெயரைச் சொன்னதும் ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குப் போய்ச் சேருவாய் என்று அது ஜோசியம் சொல்கிறது. இந்த க்ஷணத்தில் சாலையில் இருக்கிற நெரிசலை அறிந்து சொல்கிற யுக்தி அதில் இருக்கிறது. அதன் உபயோகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை நம்பி ஒன்பது இருபதுக்கு முகூர்த்தம் என்று கிளம்புகிறவன், தனக்கென்று வைத்திருந்த எட்டு நிமிஷத்தையும் வழியில் ஒரு பஞ்சரிடம் பறிகொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒலக்கூர்ப் பாட்டியிடம் வசூலிக்க ஆரம்பிக்கிறான்.

செங்கற்பட்டில் காரை நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் ஏறிவிடலாம் என்று ஒரு வழியும் உண்டு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இலேயே ஓடத் தொடங்கிய ரயில் அது. தாம்பரத்து நெரிசலைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பட்டுப்புடவையும் பரிசுப் பெட்டியும் குழந்தையுமாக அதில் ஏறுவதற்கு என் குடும்பத்தில் யாரும் சம்மதித்ததில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

முன்னால் கிளம்பினால் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறோமே, கல்யாண வீட்டில் கோலம்கூடப் போட்டிருக்கமாட்டார்களே என்று ஓர் ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபம், சமையற்காரர் மட்டும் விழித்திருக்கிற மண்டபத்தில் நாற்காலி தேடி உட்காருவதும் ஒரு தண்டனைதான். ஆனால் மிச்சமாகிற நேரத்தை நகரத்துக்குள் கொண்டுபோய்ச் செலவழிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோயில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அடைமழையில் ஏரி உடையும் தருணத்தில் இருந்தபோது, கலெக்டர் பிளேஸ் துரை இரவில் கரையைப் பார்க்கப் போனார் என்றும், வில்லேந்திய இருவர் அங்கே காவல் நிற்கக் கண்டார் என்றும், மறுநாள் கரை உடையாமல் நின்றது கண்டு தாயார் சந்நிதி எழும்ப உதவினார் என்றும் அவ்வூரார் சொல்வார்கள். காலையில் ஆறரை மணிக்கு அந்தக் கரையில் கால்மணி நேரம் உலாவிவிட்டு வண்டியில் ஏறினால், பரனூர் வரிசையில் நிற்கையில் ஹாரனை அழுத்தத் தோன்றுவதில்லை. கார்த்திகை, மார்கழியில் இன்னும் ஒரு மணி இருந்தால் பக்கத்திலேயே வேடந்தாங்கல். அதற்கு மேல் திட்டம் போட்டால் கல்யாணம் என்னாவது?

எனக்கு விளங்காத விஷயம் திரும்புகிற பிரயாணம். போகும்போதாவது ஒரு முகூர்த்தம், ஓர் அலுவலகம், ஒரு வைத்தியர் என்று குறித்த வேளையில் காத்திருக்கிறவர்கள் உண்டு. திரும்பும்போது பூட்டிய வீட்டைத் தவிர ஒருவரும் காத்திருப்பதில்லை. அப்படியிருந்தும், இரவு ஒன்பது மணிக்கு விருந்துண்ட களைப்புடன் கிண்டியில் கிளம்பி, தாம்பரம் தாண்டுவதற்குள் பொறுமையிழந்து, செங்கற்பட்டைக் கடந்ததும் எல்லாரும் பறக்கிறார்கள். அந்த இருட்டில், விளக்கில்லாத சைக்கிளும் சாலையில் படுத்த மாடும் கண்ணுக்கே தெரியாத இடத்தில், மிச்சம் பிடித்த பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்? இதை உத்தேசித்துத்தான் இப்போதெல்லாம் திரும்புவதற்கும் வேளை குறிக்கிறேன்: மத்தியானச் சாப்பாடு, சற்றே கண்ணயர்வு, மூன்று மணிக்குப் புறப்பாடு, விளக்கேற்றும் நேரத்தில் வீடு. கல்யாணத்துக்கென்று போய்விட்டு மாலை வரவேற்புக்கு இராமல் எழுந்துவருவது எந்த ஊர் நியாயம் என்று என் மனைவி கேட்கிறாள். அவளுக்குச் சொல்லக்கூடிய கிலோமீட்டர்க் கணக்கு எதுவும் என்னிடம் இல்லை.