தலைக்கவசமும் அதன் விலையும்

சேகரித்தல் குற்றமற்ற பொழுதுபோக்கு என்பர். முத்திரையையும் வண்ணத்துப்பூச்சிப் படத்தையும் பொறுத்தவரையில் இதனை மறுப்பார் இலர். ஆயின் இரண்டாம் உலகப் போரிற் பரசூட் வீரர் அணிந்த தலைக்கவசங்களை மேலைநாடுகளிற் பலர் பெரும்பணங் கொடுத்து வாங்குகின்றனர். அங்கு வினா சற்றுச் சிக்கலாகின்றது.

இக்கவசங்களின் அமைப்புச் சிந்தனையைக் கவர்வதே. ஜேர்மன் காலாட்படையினரின் கவசம் காதையும் பிடரியையும் மூடி விரிந்திருந்தது. வானிலிருந்து குதிப்போனுக்கோ, கயிறு சிக்காவண்ணம் அவ்விளிம்பு ஏறத்தாழ முற்றாகவே நீக்கப்பட்டது. அமெரிக்கரின் எம்-2 கவசத்தில் நாடிப்பட்டி கோக்கும் வளையம் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் ஒட்டப்பட்டிருந்தது. அது எளிதில் முறிந்தது. இன்று எஞ்சியவை சிலவே. ஆதலின் விலையும் பெரிது. சாதாரணக் கவசத்திற் புதுவளையம் ஒட்டிப் பழையதென விற்போரும் தோன்றினர். அமெரிக்காவின் 101ஆம் வான்வழிப் படைப்பிரிவினர் தம் கவசங்களிற் கடதாசி விளையாட்டுச் சின்னங்களைத் தீட்டியிருந்தனர். அவற்றையும் இன்று புதிதாகத் தீட்டுவோர் உளர்.

இப்போலிகளே அறவினாவுக்கு வழிகாட்டுகின்றன. எவராலும் வேறுபாடு காணமுடியாத போலியொன்றை ஒருவன் வாங்கிவிட்டான் எனக் கொள்வோம். உண்மை தெரியவந்ததும் அவன் ஏமாற்றமடைவது ஏன்? இரும்பும் வடிவும் மாறவில்லை. 1944 யூன் 6 அதிகாலையில் இதனை அணிந்து ஒரு மனிதன் நோர்மண்டியிற் குதித்தான் என்ற நம்பிக்கைக்கே அவன் விலை கொடுத்தான். எனவே, “யாம் நாடுவது பொருளையே, அதன் வரலாறு எமக்குப் புறம்பானது” என்னும் வழமையான சமாதானம் நில்லாது. வரலாற்றை வாங்கியவன் அதில் உவப்பான பகுதியை மட்டும் பெற்றுக்கொள்ளலாமா?

கிறீற் தீவைப் பார்க்க. 1941 மே 20இல் ஜேர்மன் பரசூட் படை அங்கு இறங்கியது. இழப்பின் பெருக்கங் கண்ட ஹிட்லர் அதன்பின் அத்தகைய பெருந்தாக்குதலை விரும்பவில்லை. கவசத்தை விற்போர் இவ்வீரத்தை விரித்துரைப்பர். யூன் 2இல் அதே படையினர் கொண்டொமாரிக் கிராமத்து ஆடவரை ஒலிவத் தோப்பில் நிறுத்திச் சுட்டமையோ, மறுநாள் கண்டனோஸ் கிராமம் தரைமட்டமாக்கப்பட்டமையோ அவர்தம் உரையில் இடம்பெறுவது அரிது. குறித்த கவசத்துக்குரியவன் அத்தோப்பில் நின்றானோ என்பது பெரும்பாலும் அறியவொண்ணாதது; பெயரறியா ஒருவன்மீது பழி சுமத்துதல் நீதியன்று. ஆயினும் அவனை வீரனாக்குவதற்கும் அதே அறியாமை தடையாதல் வேண்டும். இதனைச் சேகரிப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இவற்றை அழித்துவிடுக என்பாருமுளர். அது சாட்சியை அழிப்பதாகும். நெதர்லாந்தின் ஊஸ்ரபேக்கில், 1944 செப்டெம்பரிற் பிரித்தானியத் தளபதியின் தலைமையகமாயிருந்த விடுதி இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. அங்கு பொருளும் நிகழ்ச்சியும் பிரிக்கப்படவில்லை. தனியொருவரும் தம் வீட்டில் இதனைச் செய்தல் கூடும். கிடைத்த இடத்தையும் அங்கு நடந்தவற்றையும், இனியனவாயினும் இன்னாதனவாயினும், எழுதி உடன்வைத்தாற் போதும். மண்ணுட் கிடக்கும் எலும்பிலிருந்து கவசத்தைக் கழற்றுவோரின் செயல் முற்றும் வேறானது. அது கல்லறைத் திருட்டேயாம்.

குண்டு துளைத்த கவசம் சிலவேளை முழுக்கவசத்தினும் கூடிய விலை பெறுகின்றது. அம்மிகைத் தொகை எதற்குக் கொடுக்கப்படுகின்றது என்பதை வாங்குவோரே விளக்குதல் வேண்டும்.