கடலின் கணக்கும் ஆசிரியரின் கடமையும்

நீதியான ஒரு நோக்கத்திற்காக உண்மையைச் சற்றே பெரிதாக்கிச் சொல்லலாமா? சமுதாய மாற்றத்தை விரும்பும் ஆசிரியர் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துவிட முடியாது. கடல்நீர் அமிலத்தன்மையை நோக்கி நகர்ந்து வருவதைத் தீவகப் பாடசாலைகளில் கற்பிக்கும்போது அது மிகக் கூர்மையாக எழுகின்றது.

முதலில் செய்தியை அறிவோம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் மனிதன் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கின்றது. அது நீரோடு சேர்ந்து காபோனிக்கமிலமாகி, ஐதரசன் அயன்களை விடுகின்றது. சங்கும் சிப்பியும் முருகைக்கல்லும் உருவாவதற்கு வேண்டிய காபனேற்று அயன்களை அவை கவர்ந்துகொள்கின்றன. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் 8.2 அளவில் இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் சராசரி பி.எச். பெறுமானம் இன்று 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. "வெறும் 0.1 தானே!" என்பர் மாணவர். நியாயமான கேள்விதான். ஆனால் பி.எச். அளவுகோல் மடக்கை வழிப்பட்டது, 0.1 இறங்கினால் ஐதரசன் அயன்களின் செறிவு ஏறத்தாழ 26 வீதம் கூடும். மடக்கை அட்டவணையைக் கொண்டு மாணவரே இதைக் கணித்துக் காணலாம்.

இங்கேதான் ஆசிரியருக்கு முதலாவது சோதனை வருகின்றது. சிப்பியோடு ஒன்றை வினாகிரியில் இட்டால் குமிழிகள் பொங்கும். "உங்கள் கடலும் இப்படித்தான் ஆகின்றது" என்று சொல்லிவிட்டால் வகுப்பே திகைத்துப்போகும். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளும் இதே கல்சியம் காபனேற்றே என்றால் அச்சம் இன்னும் பெருகும். ஆனால் வினாகிரியின் ஐதரசன் அயன் செறிவு கடல்நீரினதைப் போல் ஓர் இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. கடல் இன்றும் காரத்தன்மை உடையதே. அக்காரத்தன்மை குறைந்து வருகின்றது என்பதே உண்மை. இதைச் சொல்லாது காட்டும் பரிசோதனை வித்தையேயன்றி விஞ்ஞானம் அன்று.

இரண்டாவது சோதனை இன்னும் வலியது. தந்தையின் வலை வெறுமையாகக் கரை சேர்வதைக் கண்ட பிள்ளைகள் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் உள்ளனர். கடல்நீரின் இம்மாற்றமே அதற்குக் காரணம் என்று சொல்வது எளிது. சான்று காட்டுவது அரிது. கடலடியையே வாரிச் செல்லும் இழுவைமடி கண்ணெதிரே உள்ள காரணம். இலங்கையில் அம்முறை 2017 ஆம் ஆண்டில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து இழுவைப் படகுகள் வருவது நிற்கவில்லை. அப்படகுகளில் கூலிக்கு வருபவனும் தொழிலாளியே. இலாபம் கரையில் இருப்பவனுக்கு. கண்ணுக்குத் தெரியும் முதலாளியின் பழியைக் கண்ணுக்குத் தெரியாத வாயுவின்மேல் ஏற்றினால், நாம் யாருக்குத் துணைபோகின்றோம்?

மாணவர் முன் வைக்கத்தக்க நீண்டகால அளவீடுகளுள் ஒன்று, ஹவாய்த் தீவுகளுக்கு அப்பால் ஆழ்கடலில் 1988 முதல் எடுக்கப்பட்டு வருவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 0.002 என்ற இறக்கத்தை அது காட்டுகின்றது. கடற்புல் நிறைந்த நமது பரவைக்கடலிலோ, பகலுக்கும் இரவுக்கும் இடையிலேயே இதனிலும் பெரிய மாற்றம் நிகழும். ஆகவே ஒருநாள் அளந்து முடிவு கூறவியலாது. பல்லாண்டுகள் அளத்தல் வேண்டும். செல்வந்த நாடுகளின் கடல்களே மிகுதியாக அளக்கப்படுகின்றன என்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

"இத்தனை நுட்பம் பேசினால் கோபம் தணிந்துவிடாதா?" என்று தோழர் சிலர் கேட்கலாம். தணியாது. இலங்கையர் ஒருவருக்கு ஆண்டொன்றில் சராசரியாக ஏறத்தாழ 1 தொன் காபனீரொட்சைட்டு. அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 தொன். மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டிய சிறு படகில் தொழிலுக்குப் போகின்றவனும் அவன் பிள்ளையும் தாம் ஆக்காத கேட்டிற்குப் பங்காளிகள் ஆக்கப்படுகின்றனர். இந்த அநீதியைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

பெரிதாக்கிய செய்தி பொய்யென வெளிப்படும் நாளில் அதனோடு உண்மையும் வீழும். அப்போது இழப்பு எண்ணெய்க் கம்பனிகளுக்கு அன்று. நம்மை நம்பிய கடற்றொழிலாளர் குடும்பத்துக்கே. மேலும், மிகைப்படுத்தும் ஆசிரியர் தம் மாணவரைச் சிந்திக்க வல்லோராகக் கருதவில்லை. உந்தித் தள்ளப்பட வேண்டிய கூட்டமாகவே கருதுகின்றார். "யார் அளந்தார்? எங்கே அளந்தார்? எவ்வளவு?" என்று வினவக் கற்ற பிள்ளை, நாளை அமைச்சரிடமும் கம்பனியிடமும் அதே வினாவைத் தொடுக்கும். நம்மிடமும் தொடுக்கும். அதற்கு விடையளிக்க நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.