தன்னுடலின் இழையமும் மருத்துவ அறமும்

பேசாலைக் கரையிலே அறுந்த வலையைப் பொத்துவோர் முதலில் நோக்குவது நூலையே. பழைய வலைக்கு இசையாத நூல் அயற்கண்களையும் இழுத்து அறுத்துவிடும். மனித உடலைச் சீர்செய்யுமிடத்தும் இத்தகைய வினா எழுகின்றது. நைந்த இடத்தை அவ்வுடலின் இழையங்கொண்டே தாங்குவதா, தொழிற்சாலையில் நெய்த பொருள்கொண்டு தாங்குவதா? நுட்பம் பற்றியதாகத் தோன்றும் இவ்வினாவினுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது.

பல பிள்ளைகளைப் பெற்று, மீன்கூடையும் தண்ணீர்க்குடமும் சுமந்த பெண்ணின் இடுப்புத்தளத் தசைகள் காலப்போக்கில் தளர்வதுண்டு. இருமினாலும் பாரந் தூக்கினாலும் சிறுநீர் கசியும். சிலருக்குக் கருப்பையே கீழிறங்கும். மன்னாரில் மட்டுமன்றி எங்கும் நாணத்தால் மறைக்கப்படும் நோய் இது.

தன்னிழையத்தைப் பயன்படுத்துவது புதியதன்று. கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. வயிற்றுத் தசையைப் போர்த்திய நார்ப்படலத்திலிருந்து பட்டை எடுத்து, சிறுநீர்வழியைத் தாங்க வைக்கும் முறையை 1942இல் அமெரிக்க வைத்தியர் ஆல்ட்ரிட்ஜ் வெளியிட்டார். 1996இல் சுவீடனைச் சேர்ந்த உல்ம்ஸ்டன் குழுவினர் அவ்விடத்தே செயற்கை நாடாவை வைக்கும் எளிய முறையை அறிவித்தனர். படகுக் கயிறு திரிக்க உதவும் பொலிப்புரொப்பிலீனே அதன் பொருள். காயம் சிறிது, நேரமும் குறைவு. இறங்கிய உறுப்புகளைத் தாங்கவும் அப்பொருளாலான வலைகள் பொருத்தப்பட்டன.

பலர் நலம்பெற்றனர். ஆயின் சிலருக்கு வலை யோனிச் சுவரை அரித்து வெளிப்பட்டது. தீராத வலி தொடர்ந்தது. இழையம் வலைக்கண்களினூடே வளர்ந்துவிடுவதால் அதனை முழுமையாக அகற்றுதல் அரிதாயிற்று. 2018இல் இங்கிலாந்து இத்தகைய சிகிச்சைகளை இடைநிறுத்தியது. உறுப்பிறக்கத்துக்காக யோனிவழி பொருத்தும் வலைகளின் விற்பனையை 2019இல் ஐக்கிய அமெரிக்கா நிறுத்துவித்தது. 2020இல் வெளிவந்த கம்பர்லெஜ் அறிக்கை, பெண்களின் முறைப்பாடுகள் பல்லாண்டுகள் செவிமடுக்கப்படவில்லை என எடுத்துக்காட்டியது.

இதனால் தன்னுடையதெல்லாம் நன்று, அயலானதெல்லாம் தீது என முடிவுகட்டலாமா? அவ்வாறு கொள்வது பொருந்தாது. பிறர் குருதியால் உயிர் பிழைப்போர் பலர். தன்னிழையத்துக்கும் விலையுண்டு: மற்றோர் இடத்தில் காயம், நீண்ட சத்திரசிகிச்சை, சிலருக்குச் சிறுநீர் கழிப்பதில் இடர். அறப்பிழை பொருளில் மட்டும் இருக்கவில்லை; எளிதில் மீளமுடியாத ஒன்றைச் செய்யுமுன் அதன் விளைவைப் பெண்ணுக்கு உணர்த்தாமையிலும், அவள் வலியை நம்பாமையிலுமே அது பெரிதும் இருந்தது.

மன்னாரின் மூதாட்டி ஒருத்தி, “டொக்டர், நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ” என்று கூறுவாளாயின், அதனை முழுமையான சம்மதம் எனல் தகுமா? அது நம்பிக்கை, அறிவின்பாற்பட்ட இசைவு அன்று. நம்பிக்கை வைத்தியரின் கடமையைக் குறைப்பதில்லை, பெருக்குகின்றது. இருவழிகளையும், அவற்றின் நன்மை தீமைகளையும் அவளுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்து, அவள் தேர்வதற்குக் காத்திருத்தலே அறமாகும். பின்னாளில் வலிக்கின்றது என்று அவள் திரும்பிவரின், அச்சொல்லைச் சான்றாக ஏற்றலும் அவ்வறத்தின் பகுதியே.

கரையிற் கிடக்கும் வலை தன்மீது இடப்படும் நூலைப் பற்றி எதுவும் உரைக்காது. பெண் உரைப்பாள். அவளிடம் முதலில் வினவுதல் வேண்டும்.