இயல்பென்னும் சாட்டு

வெவ்வேறு வகை மீன்களை ஒரே கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் விரைவில் ஒரு வழக்கை எதிர்கொள்வர். சுமாத்திராத் தீவைத் தாயகமாகக் கொண்ட 'டைகர் பார்ப்', உடன் வாழும் ஏஞ்சல் மீனின் நீண்ட செட்டைகளைக் கடித்துக் கிழித்துவிடுகிறது. "அதன் சாதிக்குணம் அப்படி" என்று தீர்ப்புக் கூறி நாமும் வழக்கை முடித்துவிடுகிறோம்.

அனுபவமுள்ள வளர்ப்போர் அவ்வாறு முடிப்பதில்லை. டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். ஆறேழுக்குக் குறையாமற் சேர்த்துவிட்டால், அதன் துரத்தலும் கடித்தலும் பெரும்பாலும் தன் கூட்டத்துள்ளேயே முதன்மைக்கான போட்டியாய் அடங்கும். ஒன்றிரண்டாக, ஒளிந்துகொள்ளச் செடியுமற்ற சிறு தொட்டியில் அடைத்தால் அயல்மீனே துன்புறும். பார்ப் வகையைச் சேர்ந்த நம் நாட்டு 'லே திட்டயா', 1929இல் தெரணியகல விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்த செந்நிறச் சிறுமீன், சாதுவானது. ஆகவே இயல்பு உண்டு. அதனை மறுத்தல் பேதைமை. ஆனால் அவ்வியல்பு எவ்வளவு தூரம் கொடுமையாக வளரும் என்பதிற் சூழலுக்குப் பெரும் பங்குண்டு. தொட்டியை அமைத்தவரின் கை நீருக்கு வெளியே இருப்பதால், குற்றப்பத்திரத்தில் அவர் பெயர் ஏறுவதில்லை.

சிலாபத்தில் வாழும் நாம் இச்சிந்தனையை மீன்தொட்டியோடு நிறுத்திவிட இயலாது. முன்னேஸ்வரத்திலே தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடும் சூழல் நம்முடையது. ஆயினும் 2019 மே 12இல், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து மூன்றே வாரங்களில், முகநூற் பதிவொன்றைத் தொடர்ந்து இந்நகரில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியது. அத்தகைய வேளைகளில் "இவர்கள் சேர்ந்து வாழ முடியாதவர்கள்" என்ற தீர்ப்பே எளிதாய்க் கிடைக்கிறது. அத்தீர்ப்பு, அச்சத்தை விதைத்தோரையும் பகையை முதலாக்கி வாக்கும் வணிகமும் பெருக்கியோரையும் விசாரணையின்றி விடுதலை செய்துவிடுகிறது.

உவமை இவ்விடத்தில் நிற்கவேண்டும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வெவ்வேறு உயிரினங்கள் அல்லர், மானிடம் ஒன்றே. மேலும், மீன் தன் தொட்டியைக் கட்டுவதில்லை; மனிதர் கட்டுகின்றனர். எனவே கல்லெறிந்தவனுக்கு "என் இயல்பு" என்பதும் சாட்டாகாது. "சூழல் செய்வித்தது" என்பதும் சாட்டாகாது. சூழல் குற்றத்தை விளக்கும், அதனைத் துடைத்துவிடாது.

பிரித்து வைத்தால் அமைதி நிலைக்கும் என்போரும் உளர். மொழியாலும் மதத்தாலும் பிரிந்த பாடசாலைகளில் நம் பிள்ளைகள் ஏற்கெனவே தனித்தனித் தொட்டிகளிலேயே வளர்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத அந்த இடைவெளியிலேதான் வதந்தி இத்துணை வேகமாய் நீந்துகிறது. அவ்விடைவெளியை அடைப்பது அரசின் கடமை மட்டுமன்று. கற்பிப்போராகிய நம் கடமையுமாகும்.