அளவுகோல் யார் கையில்?

பெண்ணின் மார்பு யாருக்கு உரியது? கேள்வி சிலருக்குக் கூச்சம் தரும். கூச்சப்படுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். இந்தக் கேள்விக்கு விடை காணவே தென்கோடியில், திருவிதாங்கூர்ச் சீமையில், பல்லாண்டுக் காலம் போராட்டம் நடந்தது. நாடார் குலப் பெண்கள் தோளிலே சீலை இடலாகாது என்றது சாதி. இட்டவர்களை மறித்துச் சீலையைக் கிழித்தது. 1859இல்தான் அவர்கள் மேலாடை அணிய அரசு இசைவு தந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையிலே அணியலாகாது என்றொரு தளையையும் சேர்த்தே தந்தது!

மூடுவதா, வேண்டாமா என்பதை அன்று அவள் முடிவு செய்யவில்லை; சாதியும் அரசும் முடிவு செய்தன. அந்தக் கொடுமை ஒழிந்தது. ஆனால் இன்று வேறோர் அளவுகோல் வந்து நிற்கிறது. மார்பு எந்த அளவில் இருத்தல் வேண்டும், எந்த வடிவில் இருத்தல் வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அந்த அளவுக்குத் தான் குறைந்தவள் என்று எண்ணுகிற பெண், அறுவை மருத்துவரின் கத்திக்கு உடலைக் கொடுத்துச் சிலிக்கான் பையை உள்ளே வைத்துக்கொள்ளலாம். உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவ்விதம் வைத்துக்கொள்கிறார்கள். இது உரிமையா? அடிமைத்தனமா?

பெரியார் வழி வந்தோர் இதற்கு எளிதிலே விடை கூறிவிட இயலாது. ஏனெனில் அவர் இரண்டு பாடங்களைத் தந்தார். பெண் அலங்காரப் பொம்மையாய் இருத்தல் ஆகாது. நகை வேண்டாம், கூந்தலைக் குறைத்துக்கொள் என்றார். அது ஒரு பாடம். கர்ப்பத்தடையைப் பிறர் உடல்நலத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது தேவை என்றார். அவள் உடலின்மீது உரிமை அவளுக்கே என்றார். அது மற்றொரு பாடம். சிலிக்கான் பையின் முன்னே இவ்விரண்டும் மோதுவது போலத் தோன்றுகிறது. பொம்மையாகாதே என்று தடுப்பதா? உன் உடல் உன் உரிமை என்று விடுவதா?

முதலிலே செய்தியை அறிவோம். தீர்ப்பைப் பிறகு பேசுவோம்.

1895இல் ஜெர்மனி நாட்டு ஹைடல்பெர்க் நகரில் வின்சென்ட்ஸ் செர்னி என்னும் அறுவை மருத்துவர், கட்டியை அகற்றியதால் குழி விழுந்த ஒரு பெண்ணின் மார்பை, அவள் உடலிலேயே வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்து நிரப்பினார். தொடக்கம் அது, ஊனத்தை ஆற்றுவதே நோக்கம். பின்னர் வந்தவர்கள் பாரஃபின் மெழுகை ஊசி வழியே செலுத்தினார்கள். மெழுகு உள்ளே கட்டிகளாக இறுகிப் பெண்களின் உடலைக் கெடுத்தது. அதன் பிறகு சிலிக்கான் திரவத்தையே நேராகச் செலுத்தினார்கள். அதனாலும் கேடுதான் விளைந்தது.

1962இல் அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள், சிலிக்கான் உறைக்குள்ளே சிலிக்கான் கூழை அடைத்து, அந்தப் பையை ஒரு பெண்ணின் மார்பிலே முதன்முதலாக வைத்துத் தைத்தார்கள். அதற்கு முன் ஒரு நாயின் உடலிலே வைத்துப் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் யார்? ஆறு பிள்ளைகளின் தாய். எதற்காக மருத்துவமனைக்கு வந்தாள்? மார்பிலே குத்தியிருந்த பச்சையை அழித்துவிட! மார்பைப் பெரிதாக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு அவள் வரவில்லை; மருத்துவர்கள்தாம் அந்தப் பேச்சை எடுத்தார்கள். அவள் மனத்தை உறுத்தியது தன் காதுகளின் தோற்றம். காதுகளைச் சரி செய்வதென்றால் சம்மதம் என்றாள். அதையும் செய்து, இதையும் செய்து அனுப்பினார்கள்.

இந்த நிகழ்ச்சியை ஊன்றி நோக்குதல் வேண்டும். தேவை தோன்றி, அதன்பின் பொருள் தோன்றவில்லை. பொருள் முதலில் தோன்றிற்று. அதற்கேற்ற தேவை பின்னர் வளர்க்கப்பட்டது. எந்த அளவுக்கு வளர்க்கப்பட்டது? 1982இல் அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர்களின் சங்கம், சிறுத்த மார்பு என்பது ஓர் ஊனம், ஒரு நோய் என்றே அந்நாட்டு அரசுக்கு எழுதிற்று! குழந்தைக்குப் பாலூட்ட வல்ல, வலியற்ற, நலமான ஓர் உறுப்பு, பிறர் வகுத்த அளவுக்கு எட்டவில்லை என்ற ஒரே காரணத்தால் நோயாகிவிட்டது. நோய் என்று பெயரிட்டால் மருத்துவம் வேண்டும். மருத்துவம் என்றால் அதற்கு விலை உண்டு. நல்ல நாளைக் கெட்ட நாள் என்று சொல்லிப் பரிகாரத்துக்குத் தட்சணை கேட்ட புரோகிதனை நாம் அறிவோம். வெள்ளைச் சட்டை அணிந்து அவன் மீண்டும் வந்தால் அடையாளம் காணவேண்டாமா?

அறுவையின் தன்மை யாது? மயக்க மருந்து கொடுத்து, மார்பின் அடி மடிப்பிலோ, காம்பைச் சுற்றியோ, அக்குளிலோ கீறி, சுரப்பியின் அடியில் அல்லது தசையின் அடியில் பையை வைக்கிறார்கள். பைக்குள் சிலிக்கான் கூழ் இருக்கும், அல்லது உப்புநீர் இருக்கும். உடல் அதை அயற்பொருள் என்று உணர்ந்து, சுற்றிலும் தழும்புத் திசுவால் ஓர் உறையை எழுப்புகிறது. சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பு கல்லாகி வலிக்கிறது. சிலருக்குப் பை கிழிகிறது. கூழ் நிறைந்த பையாயின், கிழிந்ததே தெரியாமலும் போகலாம். ஆகவே ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுதும் நிலைக்கும் பொருளன்று அது. மறு அறுவை பலருக்கும் நேர்கிறது.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொன்னார்களா? மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1976இல்தான் வந்தது. முன்பே விற்பனையில் இருந்தவை என்பதால் இந்தப் பைகள் தொடர்ந்து விற்கப்பட்டன. 1992இல்தான் அரசு விழித்து, கூழ்ப் பைகளைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து நிறுத்தி, புற்றுநோய்க்குப் பின் மார்பைச் சீரமைப்போருக்கும் ஆய்வில் சேர்ந்தோருக்கும் மட்டும் இசைவு தந்தது. முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டுகளும் பெண்ணின் உடலே ஆய்வுக்கூடம்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லுதல் கடமை. இந்தப் பைகளால் உடல் முழுவதையும் தாக்கும் நோய்கள் வருகின்றன என்று பல்லாயிரம் வழக்குகள் எழுந்து, டவ் கார்னிங் நிறுவனம் 1995இல் திவால் மனு கொடுத்தது. ஆனால் 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு சான்றுகளை ஆராய்ந்து, அத்தகைய நோய்களுக்கு இவையே காரணம் என்று நிறுவப்படவில்லை என்றது. மார்பிலேயே நேரும் கேடுகளே பெரிது என்றது. 2006இல் கூழ்ப் பைகளுக்கு மீண்டும் இசைவு கிடைத்தது. நமக்குப் பிடித்த சான்றை மட்டும் ஏற்பது பகுத்தறிவாகாது.

அதே பகுத்தறிவு இதையும் பார்க்கட்டும். பிரான்சு நாட்டில் பி.ஐ.பி. என்னும் நிறுவனம், மருத்துவத்துக்கு உரிய சிலிக்கானுக்குப் பதில் மலிவான தொழிற்சாலைச் சிலிக்கானை நிரப்பி, பல நாடுகளுக்கு விற்றது. 2010இல் மோசடி வெளிப்பட்டது. அதன் அதிபர் 2013இல் சிறைத் தண்டனை பெற்றார். அடுத்து, சொரசொரப்பான மேற்புறம் கொண்ட பைகளை வைத்த பெண்களுக்கு, அரிதாக எனினும், நிணநீர் மண்டலத்துப் புற்றுநோய் ஒன்று வருவதாகக் கண்டார்கள்; 2019இல் அத்தகைய பைகளை ஒரு பெரிய நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021இல் அமெரிக்க அரசு, தெளிவான எச்சரிக்கை வேண்டும், கேடுகளின் பட்டியலைப் பெண்ணோடு அமர்ந்து படித்துக் கையொப்பம் பெற வேண்டும் என்று விதித்தது. முதல் பை வைத்து ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

இனி, வாதத்துக்கு வருவோம். 'உடல் அவளுடையது, காசு அவளுடையது, விருப்பம் அவளுடையது; உமக்கென்ன?' என்று கேட்போர் உண்டு. மதிக்கத்தக்க கேள்வி. 'யாருமே இல்லாத தீவில் தனித்திருந்தால் இதை விரும்புவாளா? மாட்டாள். ஆகவே இது அவள் விருப்பமன்று' என்று அதற்கு விடை கூறுவோரும் உண்டு. அந்த விடை பழுதுடையது. யாருமே இல்லாத தீவில் நாம் சலவைச் சட்டை அணிவோமா? கவிதை எழுதுவோமா? மனிதன் பிறர் நடுவே வாழ்பவன். அவன் விருப்பங்கள் பிறரோடு கலந்தே பிறக்கின்றன. பிறர் கண்ணை நினைத்தாள் என்பதற்காகவே ஒரு பெண்ணின் விருப்பம் பொய்யாகிவிடாது.

வேறோர் உரைகல் வேண்டும். என் கருத்திலே அது இது: 'வேண்டும்' என்பவளுக்குக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது, 'வேண்டாம்' என்பவள் என்ன விலை கொடுக்கிறாள் என்றும் பார்க்க வேண்டும். மறுப்பதற்கு விலை இல்லாத இடத்தில்தான் ஏற்பது உரிமையாகும்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் புற்றுநோயால் 1978இல் ஒரு மார்பை இழந்தார். செயற்கை மார்பு எதையும் அணியேன் என்று உறுதி கொண்டார். அவ்வண்ணமே மருத்துவரின் அறைக்குச் சென்றபோது, அங்கிருந்த செவிலி, அணிந்து வராவிட்டால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று குறைப்பட்டார். சாவோடு போராடி மீண்டவளுக்குக் கிடைத்த வரவேற்பு அது! 1980இல் வெளிவந்த தம் நூலிலே லார்ட் இதை எழுதினார். பொய் மார்பு அணிந்த பெண்களை அவர் இகழவில்லை. மெய்யைக் காட்ட இடந்தராத உலகையே சாடினார். நம் நாட்டு மணமகள் விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்ற இரண்டு சொல்லைப் படித்தவர்களுக்கு, வேண்டாம் என்பதன் விலை என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த உரைகல்லைக் கொண்டு உரசினால், எல்லா அறுவையும் ஒன்றல்ல என்பது விளங்கும். புற்றுநோய்க்கு மார்பைப் பறிகொடுத்தவள் மீண்டும் ஒன்று வேண்டினால், அதைப் பகட்டு என்று பழிக்க எவனுக்கு உரிமை? தன் அகமும் புறமும் இசைய வேண்டும் என்று திருநங்கை கேட்டால், அதை ஆண்களுக்கான அலங்காரம் என்று எவன் சொல்வான்? நலமான மார்போடு வரும் இளம்பெண்ணுக்கும் உரிமை உண்டு. ஆயினும் அவளிடம் பேசவேண்டிய உண்மை அதிகம். அவளை அங்கே தள்ளிய கைகளும் அதிகம்.

2018இல் தமிழக அரசு, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு அறுவையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய முன்வந்தது. அழகுக்கான மருத்துவம் ஏழைக்கு ஏன் கிட்டக்கூடாது என்று கேட்டார் அமைச்சர். உயிர்காக்கும் மருத்துவத்துக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்றனர் மறுத்தோர். இரு பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. 'ஏழைக்கு எதற்கு அழகு?' என்ற ஏளனம், 'ஏழைக்கு எதற்குப் படிப்பு?' என்ற பழைய ஏளனத்தின் உடன்பிறப்பு. அதை ஏற்க மாட்டோம். நோயால் இழந்தவளுக்கும், பிறவியில் குறை நேர்ந்தவளுக்கும், பாரத்தால் தோள் வலித்து நிற்பவளுக்கும் அரசு மருத்துவமனை செய்து தரட்டும்; வாழ்த்துவோம். ஆனால் செல்வச் சீமாட்டி பூட்டிக்கொண்ட பொன் விலங்கை ஏழைப் பெண்ணுக்கும் இலவசமாகப் பூட்டுவது சமதர்மம் ஆகாது. தன்னிடம் ஒரு குறையும் இல்லை என்ற செய்திதான் அவளுக்கு முதலில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

ஆகவே பெரியாரின் இரு பாடங்களும் மோதவில்லை. உடல் உன்னுடையது என்பது பெண்ணுக்குச் சொல்லும் சொல். பொம்மையாக்காதே என்பது அவளை அளக்கும் உலகுக்குச் சொல்லும் சொல். முன்னதை எடுத்துப் பெண்ணைத் தடுக்கவும் கூடாது. பின்னதை மறந்து வணிகனை விட்டுவிடவும் கூடாது. சட்டத்தால் தடுக்க வேண்டுவது பொய்யை: மறைத்த கேட்டை, மலிவுச் சரக்கை, நோயல்லாததற்கு நோய் என்று பெயரிடும் துணிவை. சிந்தனையால் மாற்ற வேண்டுவது, மனைவியையும் மகளையும் கண்ணாலே அளக்கும் ஆணின் பழக்கத்தை.

தோள்சீலைக்காகப் போராடிய பெண்கள், உடை ஒன்றுக்காக மட்டும் அடிபடவில்லை. தம் உடலைப் பற்றிய கடைசிச் சொல் தம்முடையதாக இருக்க வேண்டும் என்றே அடிபட்டார்கள். அந்தக் கடைசிச் சொல், 'வேண்டும்' என்பதாகவும் இருக்கலாம், 'வேண்டாம்' என்பதாகவும் இருக்கலாம். எதுவாயினும், முழு உண்மையை அறிந்து, அச்சமின்றி, அவளே சொல்லட்டும். அதுவரை, பிறர் கையிலிருக்கும் அளவுகோலைப் பறித்து முறிப்பதே நம் வேலை.