ஓர் அள்ளு அரிசி



இப்போதெல்லாம் ரமலான் நோன்பு மாசியில் வருகிறது. கரிசலில் உளுந்தும் பாசியும் வீடு சேர்ந்துவிட்டன. மிளகாய்ப் பழம் களத்தில் காய்கிறது. எப்போதும்வென்றானில் நின்று தூத்துக்குடி பஸ்ஸுக்குக் கை காட்டும் பெரியவர்களைப் பாருங்கள், மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். ஊர்ப்பேர் எப்போதும்வென்றான்தான். உடம்பு அப்படி இல்லையே.

இன்சுலின் போட்டுக்கொண்டு, டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் நோன்பு பிடிக்கிற நன்னிமார் உண்டு. தலை சுற்றினாலும் பேரப்பிள்ளைகளிடம் மூச்சுவிட மாட்டார்கள். இன்னும் சிலர் நோன்பை விட்டுவிட்டு, அடுப்படி இருட்டில் களவு செய்தவர் மாதிரி ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார்கள். இந்த வெட்கத்தை யார் வைத்தது? அல்லாஹ் வைக்கவில்லை. நோன்பைப் பேசுகிற அதே பேச்சில், அல்பகரா அத்தியாயத்தின் 184-ஆம் வசனத்தில், இயலாதவருக்கான ஃபித்யாவையும் சேர்த்தே சொல்லிவிட்டான். ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் சாப்பாடு.

இது தள்ளாத முதுமைக்கும் தீராத நோய்க்கும் உள்ளது. காய்ச்சல்காரரும் பிரயாணியும் விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் களா செய்ய வேண்டும். பணத்தை நீட்டித் தப்ப முடியாது. தீப்பெட்டி ஆபீஸ் அலுப்பு என்று சாக்குச் சொல்லும் இளவட்டத்துக்கும் ஃபித்யா கிடையாது.

அளவு எவ்வளவு? காயல்பட்டினத்து ஷாஃபிஈ மக்களைக் கேட்டால் ஒரு முத்து என்பார்கள்: நடுத்தர ஆள் இரு கையும் சேர்த்து அள்ளும் ஓர் அள்ளு, ஊர் உண்ணும் தானியம், தானியமாகவே. ஹனஃபிகளுக்கு இரு வேளை வயிறாரச் சோறு; அல்லது அரை ஸாவு கோதுமை, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும்; அதன் கிரயமும் கொடுக்கலாம்.

நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், முதுமையில் நோன்பு வைக்க முடியாமல் போனபோது, நாளுக்கு ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள். வீட்டில் யாரும் தின்னாத ரேஷன் அரிசியை ஃபித்யாவுக்கென்று ஒதுக்கி வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கொடுக்கவும் வழியில்லாதவருக்கு? பாவமன்னிப்புக் கேட்டால் போதும் என்கின்றன ஹனஃபி நூல்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வேறொருவர் நினைவுக்கு வருகிறார். ரமலான் பகலில் மனைவியோடு கூடி நோன்பை முறித்துவிட்டு நபியிடம் ஓடி வந்தவர். அவர்மேல் விழுந்தது ஃபித்யா அல்ல, கஃப்பாரா. அடிமையை விடுவிக்க வேண்டும். இல்லையேல் இரண்டு மாதம் விடாமல் நோன்பு. அதுவும் இயலாதென்றால் 60 ஏழைகளுக்கு உணவு. மூன்றுக்கும் கையை விரித்தார் மனிதர். அந்நேரம் ஒரு கூடை பேரீச்சம்பழம் வந்தது. இதைத் தருமம் செய் என்றார்கள் நபியவர்கள். இந்த மதீனாவில் எங்களைவிட ஏழை எவன் என்று கேட்டார் அவர். நபியவர்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள்; உன் வீட்டாருக்கே கொண்டுபோய்க் கொடு என்றார்கள். குற்றத்தைச் சொல்லி அழ வந்தவர், பழக்கூடையோடு வீட்டுக்குப் போனார்.